தம்பிக்கு ஒத்துக்கொண்ட காற்று

இந்தக் கோடை விடுமுறைக்கு, உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நான்கு குடும்பமாக ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளைச் சுற்றி வரலாமா என்று நம் அம்மாக்கள் குரூப்பில் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் சரி என்றீர்கள். நான் மட்டும் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. திமிர் என்று நினைத்துவிடுவீர்களோ என்று இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். அழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு வண்டியில் போயிருக்கிறேன். கேரவன் என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா, அம்மா, சித்தப்பா, நான், ஆறு வயதுத் தம்பி என்று ஐந்து பேர் போனோம். திரும்பி வந்தது நான்கு பேர். பயப்பட வேண்டாம், யாரும் சாகவில்லை. தம்பியை மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் யூனிட். பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். சித்தப்பா கட்டிங் மாஸ்டர். உங்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்திருப்பீர்கள். காலையில் எழுந்தால் ஜன்னல் கம்பியில் பஞ்சு. மின்விசிறி இறக்கையில் பஞ்சு. அம்மா தலை வாரினால் சீப்பில் வெள்ளையாகவோ நீலமாகவோ, அன்று என்ன கலர் ஓடியதோ அந்தக் கலரில் பஞ்சு வரும். அதை யாரும் தூசி என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறை சொன்னதற்கு அப்பா, “தூசில்லீங்க, அது சோறு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கும்பிடுகிற குரலில் சொன்னார்.

தம்பிக்கு மூன்று வயதிலிருந்தே இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் வரும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அம்மா கற்பூரவல்லி பிழிந்து கொடுப்பாள், தைலம் தேய்ப்பாள். ஒரு டாக்டர் வாயில் வைத்து இழுக்கும் பம்பு எழுதிக் கொடுத்தார். அது பழகிப் போய்விடும், பொண்ணு பார்க்கப் போகும்போது பாக்கெட்டில் பம்போடுதான் போவான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தியதில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். பஞ்சுத் தூசி இவனுக்கு ஆகவில்லை; கொஞ்ச நாள் மலைப்பக்கம் சுத்தமான காற்றில் வைத்துப் பாருங்கள். என் வீட்டார் காதில் மலை மட்டும் விழுந்தது.

அந்த மே மாதம் ஓர் ஆர்டர் முடிந்து அடுத்தது வராமல் மெஷின்கள் சும்மா இருந்தன. அப்பாவுக்கு ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்குவதெல்லாம் பிடிக்காது. துணி ஏற்றும் எங்கள் பழைய வேனையே வீடாக்கிவிடலாம் என்று சித்தப்பாதான் சொன்னார். பத்து நாள் பாடுபட்டார். இரண்டு பக்கமும் பலகை அடித்தார். பலகைக்கு அடியில் அரிசி மூட்டை, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன். பக்கவாட்டுத் தகரத்தை வெட்டி ஒரு ஜன்னல் வைத்தார். கலர் மாறிப்போனதால் கம்பெனி திருப்பி அனுப்பிய துணியில் திரை தைத்தார். ரிஜெக்டில் வந்த ஒரே மாதிரி டீசர்ட்டை ஐவரும் போட்டுக்கொண்டோம்; தம்பிக்கு அது முழங்காலுக்குக் கீழே வந்தது.

மெத்தையும் தலகாணியும் சித்தப்பாவே அடைத்தார். ஓவர்லாக் மெஷின் தைக்கும்போது ஓரத்தை வெட்டித் தள்ளுமே, புழு மாதிரி சுருண்டு கீழே குவியும், அந்த வேஸ்ட். அதில் துணியைவிடத் தூள்தான் அதிகம். வீட்டில் நாங்கள் படுத்திருந்ததும் அதே மெத்தைதான். ஆனால் பயணத்துக்கென்று புதிதாக, புசுபுசுவென்று ஐந்து அடைத்தார். குழந்தைக்கு மலையில் முதுகு சில்லிடக் கூடாது என்று தம்பியுடையதை மட்டும் இரண்டு மடங்கு திணித்தார். அடைத்து முடித்தபோது அவர் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. “என்னுங்க மாஸ்டர், பனி இங்கேயே உழுந்திருச்சாட்டருக்குது,” என்று தையல்காரப் பெண்கள் சிரித்தார்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகளை நானும் தம்பியும் எண்ணிக்கொண்டே ஏறினோம். அவன் கையில் ஒரு நூல் கோன், நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பு. காலியான கோன்களில் நீலக் கலர் ஒன்றை அவன் தூங்கும்போதுகூட விடமாட்டான். சின்ன முனையைக் கண்ணில் வைத்து மலையைப் பார்ப்பான். “அக்கா, நீ மலைக்குள்ள உக்காந்திருக்க,” என்று என்னைப் பார்த்துச் சொல்வான். அப்போது என்னை வா, போ என்றுதான் பேசுவான்.

ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினோம். எனக்கு அந்த ஏரி கொஞ்சம் ஏமாற்றம்தான். கரையில் குதிரைச் சாண வாடை. ஆனால் மிதி படகில் போனோம். நானும் தம்பியும் முன்னால் மிதித்தோம். அவன் கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டே வந்தான், சட்டைக் கை நனைந்தது. நான் தடுக்கவில்லை. வேனில் குளிருக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்தோம். விடியும்போது அவனுக்கு விசில் ஆரம்பித்துவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கூடப் பிறந்தவனை இப்படித்தான் பார்த்துக்கொள்வாயா, தண்ணியில் கை விட விட்டாயே என்று கிள்ளிக் கிள்ளிக் கேட்டாள். தொடையில் கிள்ளிய நீலம் ஒரு வாரம் இருந்தது. என் மகள் தண்ணீர் பக்கம் போனாலே இன்றைக்கும் நான் ஓடிப்போய் இழுத்து வருகிறேன் என்றால் அது அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

மறுநாள் பைக்காரா. அங்கேதான் ஏரி என்றால் என்ன என்று பார்த்தேன். சத்தமே இல்லாமல், மரங்களுக்கு நடுவே கரும்பச்சையாக. காலையிலிருந்து மதியம் வரை தம்பி புல்லில் ஓடினான், விழுந்தான், உருண்டான். விசில் இல்லை. அம்மா செய்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வேனுக்குள் ஒரு மணி நேரம் தூங்கினான். எழுந்தபோது உதடு ஓரம் நீலம் பாய்ந்து, பேச முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

நான் கவனித்தேன். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது பெரியவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று இன்றும் புரியாததால் சொல்கிறேன். சித்தப்பாவிடம் போய், வெளியே இருக்கும்போது வருவதில்லை, வேனுக்குள் படுத்தால்தான் வருகிறது என்றேன். அவர் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“உன்ற தம்பிக்கு வேன் புடிக்கலையாட்டருக்குது கண்ணு. அடுத்த டிரிப்புக்கு ஏசி காரா எடுத்துப் போடலாம், இரு.”

அம்மாவும் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுபடி சொல்லவில்லை.

ஊட்டிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவானது. அப்பா வண்டியைக் கீழே இறக்கினார். வீட்டுக்குத் திரும்புவோம் என்று நினைத்தேன். உடுமலை தாண்டி, கணியூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரத் தென்னந்தோப்பில் சமைத்துச் சாப்பிட்டு, பழனியில் தம்பிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசி, அப்படியே கொடைக்கானலுக்கு ஏற்றினார். காற்று ஊருக்கு ஊர் மாறும், ஒன்று இல்லாவிட்டால் ஒன்று கேட்கும் என்பது அவர் கணக்கு. துணியில் சாயம் ஒரு டையிங் பட்டறையில் சரியாக ஏறாவிட்டால் அடுத்த டையிங்குக்குக் கொண்டுபோவார் அல்லவா, அது மாதிரி.

கொடைக்கானலில் ஏறிய அன்று மாலையே மழை கொட்டியது. சித்தப்பா வெட்டிய ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி மெத்தைகள் ஊறி, பிணம் மாதிரி கனத்துவிட்டன. வேறு வழியில்லாமல் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். தேங்காய் நார் மெத்தை, வழவழவென்ற விரிப்பு, கம்பளி. அம்மாவுக்கு அந்த மெத்தை முதுகைக் குத்துகிறதாம்.

காலையில் நான் கண் விழித்தபோது அம்மா தம்பியின் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. மூன்று வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டே பழகியவளுக்கு, சத்தம் இல்லாதது பயமாகிவிட்டது. பிறகு சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

மூன்று நாள் அப்படியே இருந்தான். சைக்கிளுக்குப் பின்னால் ஓடினான். வேகவைத்த மக்காச்சோளத்தில் உப்பும் மிளகாயும் தடவியதை நாக்கு எரிய எரியத் தின்றான். மூஞ்சியில் பனி வந்து மோதும்போது வாயைத் திறந்து விழுங்கினான். அம்மா என்னை அந்த மூன்று நாளும் ஒரு திட்டுகூடத் திட்டவில்லை; இரட்டைச் சடை போட்டுவிட்டு, குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி கொஞ்சினாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நான் செய்ததற்கு இதுதான் காரணம்.

மலைப் பள்ளிக்கூடங்களுக்கு மே மாதத்தில் லீவு கிடையாது. குளிர் காலத்தில்தான். மூன்றாம் நாள் காலையில் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் ஏரியைச் சுற்றி வரிசையாகப் போனார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தார். பிறகு என்னை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்னிடம் யோசனை கேட்கிற மாதிரி அவர் பேசியது அதுவே முதல் தடவை.

“கண்ணு, நெசமாச் சொல்லோணும். தம்பி எங்க நல்லா மூச்சு உடறான்?”

“இங்கதாங்கப்பா. இந்த ரூம்ல.”

அறையைக் கை காட்டித்தான் சொன்னேன். அவர் பார்த்தது ஏரியை. நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் உண்மைக்காகச் சொல்லவில்லை. இன்னும் நாலு நாள் இந்த அறையிலேயே இருக்கலாம், அம்மா இப்படியே இருப்பாள் என்ற ஆசையில் சொன்னேன். பைக்காராவில் கவனித்ததை அப்போது மறுபடி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று விழுங்கிவிட்டேன்.

அன்று மதியமே அப்பா, தம்பியை அங்கேயே விடுதியில் சேர்க்க, பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார். வருடத்தின் நடுவில் இவ்வளவு சின்னப் பிள்ளையை எடுப்பதில்லை என்றார்களாம். உடம்பு விஷயம் என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்களாம். அம்மா லாட்ஜ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒருக்காப் பாக்கலாமுங்களா? இப்பத்தான் நல்லாயிட்டானே.”

“அங்க போனா மறுக்கா இழுக்கும். புள்ள உசுரோட இருக்கோணுமா, நம்மகூட இருக்கோணுமா? நீயே சொல்லு.”

அம்மா தம்பியின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. வேன் ஜன்னலைச் சரிசெய்துவிட்டு நாலு நாளில் வந்துவிடுவோம், அதுவரை இந்தப் பிள்ளைகளோடு விளையாடு என்று சித்தப்பா சொன்னார். அவன் நம்பினான். விடுதி வாசலில் நின்று கோனைக் கண்ணில் வைத்து, நாங்கள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். கை ஆட்டக்கூட இல்லை. நாலு நாளுக்கு எதற்குக் கை ஆட்ட வேண்டும்.

இறங்கும்போது மெத்தைகள் வேன் கூரைமேல் வெயிலில் காய்ந்தன. அம்மா முன்னால் உட்கார்ந்து வந்தாள். பின்னால் ஒரு பலகை முழுக்க எனக்கே எனக்கு. காலை நீட்டிப் படுத்தேன். சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், பாதியை மறைத்து எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

பிறகு வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலை ஒட்டி வருவான். வந்த மூன்றாம் நாள் இழுப்பு வரும். பார்த்தாயா, இந்த ஊர்க் காற்று அவனுக்கு ஆகாது என்று அப்பா சொல்வார். திரும்பிக் கொண்டுபோய் விடுவார்கள். பன்னிரண்டு வயதில் வந்தபோது தம்பி மெத்தையில் படுக்க மாட்டேன் என்றான். மொட்டை மாடியில் தன் கம்பளியை விரித்துப் படுத்தான். ஒரு வாரம் இழுப்பு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னான், காற்றில் ஒன்றுமில்லை, மெத்தையில் அடைத்திருப்பதில்தான் இருக்கிறது என்று.

சித்தப்பா கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். தான் புருவம் நரைக்க அடைத்த மெத்தை. பிறகு, “தொரைக்கு நம்ம மெத்தை ஆகலீங்களாமா. இலவம்பஞ்சு போடோணுமாட்டருக்குது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பதினைந்து வயது. பைக்காரா எனக்கு ஞாபகம் வந்தது, வந்தும் சிரித்தேன். படிப்பு நன்றாகப் போகிறது, அதைப் பார் என்று அப்பா பேச்சை முடித்தார். தம்பி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். விடுதியில் பழகிய வழக்கம். அதற்குப் பிறகு அவன் எதற்கும் காரணம் சொல்லவில்லை. பொங்கலுக்கும் ஏதாவது கேம்ப் இருக்கிறது என்று வராமல் இருந்துவிட்டான். என்னை எப்போது வாங்க, போங்க என்று பேச ஆரம்பித்தான் என்று யோசித்துப் பார்க்கிறேன், நாள் பிடிபடவில்லை.

அவன் இப்போது அங்கேயே ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். கல்யாணம் ஆகிவிட்டது. அவன் வீட்டை நாங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறோம்.

போன மாதம் என் மகளுக்கு மூன்று நாள் விடாமல் இருமல், பிறகு அந்த விசில். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழந்தைகள் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, “எதுல படுக்க வைக்கிறீங்க? உள்ள என்ன அடைச்சிருக்கு?” என்று கேட்டார். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். அவள் பிறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து வந்த மெத்தை, சித்தப்பா அடைத்தது என்றேன். அதைத் தூக்கிப் போடுங்கள் என்றார். போட்டேன். அவர் எழுதிய பம்பும் அவளுக்குத் தருகிறேன். பத்து நாளாக இருமல் இல்லை. நான் அந்த டாக்டரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு மெத்தைக்காகவா அவனை விட்டுவிட்டு வந்தோம் என்று.

அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. பத்து எட்டு வைத்தால் நிற்கிறார். ஒரு வாரம் மலையில் போய் இருக்க ஆசையாம். பேத்தியையும் கூட்டிப் போனால் அவளுக்கும் நல்லது. தம்பியிடம் தானாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நீ கேட்டுப் பார் என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தேன்.

“வரட்டுங்க அக்கா. நல்ல ரூமாப் போட்டுடறேன். எத்தனை பேருங்க?”

வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லாமல் விட்டதாகவும் தெரியவில்லை. தங்க வருகிறவர்களுக்கு அவன் அறைதான் போடுவான். நான் டாக்டர் கேட்டதைச் சொன்னேன். பைக்காராவையும் சொன்னேன். பெஞ்சில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நீ பன்னிரண்டு வயதில் சொன்னதே சரி, நான் சிரித்திருக்கக் கூடாது என்றேன். பின்னால் யாரோ சாவி கேட்கும் சத்தம் கேட்டது.

“அப்பாகிட்டச் சொல்லீட்டீங்களா?”

“இல்ல. சொல்லத்தான் வந்தேன்.”

“சொல்ல வேண்டாங்க அக்கா. தெரிஞ்சு அவர் என்ன பண்ணப் போறாரு.”

அது இரக்கமா, இல்லை, இனி எதற்கு என்ற வெறுப்பா? இரண்டு நாளாக அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு விளங்கவில்லை.

கீழே இறங்கி வந்து, வரச் சொல்லிவிட்டான், அறை போடுகிறானாம் என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்க என் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“பாத்தியா கண்ணு. அன்னைக்கு மனசக் கல்லாக்கிட்டு அவனை அங்க உட்டம். உடாம இருந்திருந்தா, இன்னைக்கு நமக்கு மலையில போயிக் கேக்க ஒரு ஆளு இருக்குமா? அன்னைக்கு நாஞ் செஞ்சதுதான் சரி. நீயும் அப்படித்தான சொன்ன.”

“ஆமாங்கப்பா,” என்றேன்.